ரெங்கசாமிக்கு ஓர் அனுதாபத் தீர்மானம்

எனக்குச் சிறு வயதிலிருந்தே கையெழுத்து அழகாக வரும், ஐயா. இந்தச் சிக்கன நாணயச் சங்கத்துக்கு என்னைச் செயலாளராகப் போட்டதற்கு அது ஒன்றுதான் காரணம். பகலில் ரயில்வே ஆபீசில் குமாஸ்தா வேலை. மாலையில் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில், என் வீட்டு முன்னறையிலேயே சங்க வேலை. எட்டு வருடமாகச் சம்பளமில்லாமல் பார்த்து வருகிறேன். கூட்டுறவு இலாகாவிலிருந்து விசாரித்து எழுத நீங்கள் வந்திருப்பதால் ரெங்கசாமி விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ரெங்கசாமி கிள்ளான் ஸ்டேஷனில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். நல்ல மனிதர். சத்தம் மட்டும் கொஞ்சம் அதிகம். மகள் இராஜம்மாவுக்கு ரவாங்கில் மாப்பிள்ளை நிச்சயமானதும், சங்கத்தில் தான் போட்ட பங்குப் பணத்தைத் திருப்பிக் கேட்டார். சங்க விதி தெளிவானது. உறுப்பினர் ரயில்வே வேலையை விட்டால் பங்கு திரும்பும், புத்தி பேதலித்தால் திரும்பும், இறந்தால் திரும்பும். மகள் கல்யாணம் அந்த விதியில் இல்லை.

நான் அவருக்கு உதவத்தான் பார்த்தேன். வேலையை விடச் சொன்னேன், மாட்டேன் என்றார். பைத்தியம் என்று டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி வரச் சொன்னேன். அதற்கு அவர் சொன்ன பதிலை நான் கோப்பில் சேர்க்கவில்லை. ஆக, மிச்சம் இருந்தது ஒன்றுதான்.

அவர் வேலைக்குப் போயிருந்த ஒரு நாள் கிள்ளானுக்குப் போனேன். அவர் மனைவி வீரம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அக்கா, சங்கத்துப் புத்தகத்துல அண்ணன் காலமாயிட்டாரு," என்றேன்.

அவர் கீரையைக் கீழே வைத்தார். "சாயங்காலம் வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்துருவாருல்ல?"

"வந்துருவாரு."

"அப்ப சரி," என்று சொல்லிக் கைநாட்டு வைத்தார். வாரிசுக்குச் சேர வேண்டியதை அங்கேயே எண்ணிக் கொடுத்து, பணம் வந்த வழியை அண்ணனிடம் சொல்லி வருத்த வேண்டாம் என்றேன். படிவத்தில் மரணத்துக்குக் காரணம் எழுத ஓர் இடம் இருந்தது. காய்ச்சல் என்று எழுதினேன். அவமானமான வியாதி எதையாவது எழுதியிருக்கலாம். அவர் குடும்பத்தை நினைத்து எழுதவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வருடாந்திரப் பொதுக்கூட்டம். அனுதாபத் தீர்மானத்தை நானே வாசித்தேன். சபையில் பெருமூச்சு எழுந்தது. துக்கம் என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். எல்லாரும் எழுந்து மௌனமாக நின்றோம். கிள்ளான் ரயில் அன்றைக்குத் தாமதம். மௌனத்தின் நடுவில் கதவைத் திறந்துகொண்டு ரெங்கசாமி வந்தார். சபை நிற்பதைப் பார்த்ததும் குடையைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தலை குனிந்து நின்றார். எங்கள் எல்லாரையும்விட மரியாதையாக நின்றார் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

உட்காரும்போது பக்கத்திலிருந்த பொருளாளர் அய்யாவுவிடம் மெல்லக் கேட்டார்: "யாருண்ணே போயிட்டாங்க?"

"நீங்கதாண்ணே," என்றார் அய்யாவு.

ரெங்கசாமி தலைப்பாகையை எடுத்துத் திரும்பக் கட்டிக்கொண்டார். பிறகு பேச எழுந்தார். உறுப்பினர் அல்லாதவர் சபையில் பேசக்கூடாது என்று நான் பணிவாகத் தெரிவித்தேன்.

"ஆளு எதிர்ல நிக்கிறாரு லா," என்றார் அய்யாவு.

"தீர்மானம் நிறைவேறிருச்சு அய்யாவு. மாத்தணும்னா அடுத்த வருசக் கூட்டத்துல கொண்டு வாங்க."

விதிப்படி அது சரியான பதில்தான் என்பதை நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள்.

மாப்பிள்ளையின் மாமா ரவாங்கிலிருந்து கூட்டத்துக்கு வந்திருந்தார். அவரும் எங்கள் உறுப்பினர். அப்பா இறந்த வருடத்தில் பெண்ணுக்குக் கல்யாணம் வைக்கலாமா என்று என்னைத் தனியே கேட்டார். நான் கத்தோலிக்கன், உங்கள் வழக்கம் எனக்குத் தெரியாது, ஆனால் ஒரு வருடம் பொறுத்தால் பார்ப்பவர்களுக்கு மரியாதையாக இருக்கும் என்றேன். கல்யாணத்தைத் தள்ளிவைத்துவிட்டார்கள். அது என் குற்றமல்ல. அவர்கள் கேட்டார்கள், நான் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு நான் பூசைக்குக் கிளம்பும்போது ரெங்கசாமி வாசலில் நின்றார். சத்தமே போடவில்லை. கண் சிவந்திருந்தது. "கிரிகரி அண்ணே, பொண்ணு ஒரு வாரமா சாப்பிட மாட்டேங்குது. என்னையத் திரும்ப உசுரோட எழுதிடுங்கண்ணே," என்றார். எனக்குப் பாவமாக இருந்தது. பூசைக்குப் பத்து நிமிடம் பிந்தினாலும் பரவாயில்லை என்று விதிப் புத்தகத்தை எடுத்து, அவர் முன்னாலேயே முதலிலிருந்து கடைசி வரை படித்தேன். சாவதற்கு விதி இருக்கிறது, திரும்பி வருவதற்கு இல்லை. புகார் இருந்தால் எழுதிக் கொடுக்கச் சொன்னேன். எழுதிக் கொடுத்தார். இறந்தவர் கடிதத்தை ஏற்க வழியில்லாததால் திருப்பிக் கொடுத்தேன். அதன் பிறகுதான் அவர் உங்களிடம் வந்தார்.

கடைசியாக ஒன்று கேட்டீர்கள். கூட்டத்தின் முடிவில் வாசிக்க வேண்டிய அனுதாபத் தீர்மானத்தை, செயலாளர் தேர்தலுக்கு முன்னால் ஏன் வாசித்தேன் என்று. ரெங்கசாமி அந்தப் பதவிக்கு மனு கொடுத்திருந்தது உண்மைதான். காலமானவர் பெயரை ஓட்டுக்கு விடுவது அவருக்கு அவமரியாதை என்றுதான் முன்னால் கொண்டுவந்தேன். போன வருடம் மனு கொடுத்த சின்னையாவுக்கும், அதற்கு முந்தைய வருடம் மாரிஸுக்கும் இதே மரியாதையைத்தான் செய்தேன். அவர்கள் இருவரும் தினமும் என்னோடு ஒரே ரயிலில்தான் வேலைக்கு வருகிறார்கள். முகம் கொடுத்துப் பேசுவதில்லை, அவ்வளவுதான்.

பதவி ஆசை எனக்குக் கிடையாது, ஐயா. இந்த எட்டு வருடத்தில் எனக்கு எதிராக ஒரு கைகூட உயர்ந்ததில்லை. உயிரோடிருக்கும் உறுப்பினர் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.