நாற்பத்து நான்கு கிலோமீட்டர்

ராத்திரி இரண்டு மணி பத்து நிமிடம். தார்ஹான் ஊரிலிருந்து வடக்கே போகிற ரோடு. ஒரு விளக்கு கிடையாது. ஒரு பக்கம் உறைந்த ஆறு, மறுபக்கம் வெறும் புல்வெளி, அதன்மேல் பனி. அந்த ரோட்டில் ஒரு கார் போகிறது... சத்தமே இல்லாமல். பின் சீட்டில் ஒருவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறான். கார் அவனுடையது. ஓட்டுவது அவனில்லை.

ஒயுன், உன் கடை அடுப்பில் இன்னும் இரண்டு கரித்துண்டு போடு. கதவை இழுத்துச் சாத்து. பனிப்புயல் என்று ரோட்டை மறித்துவிட்டார்கள், விடியும்வரை நம் லாரிகள் நகரப்போவதில்லை. எல்லோரும் கிட்டே வாருங்கள், கத்திச் சொல்கிற கதையில்லை இது.

என்னோடு லாரி ஓட்டிய சம்புவைத் தெரியும்தானே? பொய் சொல்லத் தெரியாத மனுஷன். அதனாலேயே சீட்டாட்டத்தில் தோற்பான். அவன் தங்கை செந்த்மா. அவள் புருஷன் கல்சனுக்கு நடந்தது இது.

கல்சன் அந்த ஹைப்ரிட் காரை இலையுதிர் காலத்தில் வாங்கினான். ஜப்பானில் பத்துப் பதினைந்து வருஷம் ஓடி முடித்து நம் ஊருக்கு வருகிறதே, வலது பக்கம் ஸ்டீயரிங், அந்த ரகம். பகலில் டாக்சி ஓட்டினான். முதல் வாரம் குழந்தை மாதிரிக் கொஞ்சினான். சிக்னலில் நின்றால் எஞ்சின் தானாக அணைந்துவிடும். ஏறிய கிழவிகள், "ஐயோ, வண்டி செத்துப்போச்சு தம்பி, இறங்கித் தள்ளவா?" என்பார்கள். இவனுக்கு ஒரே சிரிப்பு. ராத்திரி எஞ்சின்மேல் தடித்த கம்பளி போர்த்திவிட்டுத்தான் படுப்பான். ஒரு நோட்டில் தினமும் எத்தனை கிலோமீட்டர், எத்தனை லிட்டர் என்று எழுதுவான். அப்படி ஓர் ஆள். நோட்டு எழுதுகிறவனுக்குச் சந்தேகம் சீக்கிரம் வரும்.

டிசம்பரில் ஒரு நாள் காலை மீட்டரைப் பார்த்தான். முந்தின ராத்திரி எழுதியதைவிட நாற்பத்து நான்கு கிலோமீட்டர் கூட.

தப்பாக எழுதியிருப்போம் என்று விட்டுவிட்டான். மறுநாளும் நாற்பத்து நான்கு. அதற்கு மறுநாளும்.

அப்போது அவர்கள் வீட்டில் செந்த்மாவின் கடைசித் தம்பி தொமோர் தங்கியிருந்தான். இருபத்திரண்டு வயது, வேலை தேடி வந்தவன். வடக்கே எங்கேயோ ஒரு பெண்ணோடு பேச்சு. சந்தேகம் வேறு யார்மேல் விழும்? அதுவும் இந்த மாதிரி வண்டி. பழைய ஜீப்பாக இருந்தால் கிளப்பும்போது தெருவே எழுந்துவிடும். இது பூனை மாதிரி வாசலைத் தாண்டிப்போகும். நாய்கூடக் குரைக்காது.

காலைச் சாப்பாட்டில் பிடித்துக்கொண்டான்.

"மச்சான், ராத்திரி எங்கே போறே?"

"ஒண்ணுக்குப் போனேன் மாமா. அதுக்கும் உங்க நோட்டுல கணக்கு உண்டா?"

"என் வண்டியில எங்கே போறேன்னு கேட்டேன்."

தொமோர் கையிலிருந்த உப்புத் தேநீரைக் கீழே வைத்துவிட்டான். "அம்மா மேல சத்தியம். உங்க வண்டியை நான் தொடக்கூட இல்லை."

கல்சன் நம்பவில்லை. சாவியை அன்றிலிருந்து தலையணைக்குள் வைத்துத் தைத்துக்கொண்டான். காலையில் தையல் பிரியவில்லை. மீட்டர் மட்டும் நாற்பத்து நான்கு கூடியிருந்தது. இப்போது சந்தேகம் செந்த்மாமேல் திரும்பியது. தம்பிக்காக இன்னொரு சாவி செய்து கொடுத்துவிட்டாளோ?

"என்னையும் திருடின்னு சொல்லிட்டீங்க. பாப்பாவுக்கு நாலு வயசு, அவளையும் ஒரு வார்த்தை கேட்டுடுங்க," என்றாள் அவள். அதற்குப் பிறகு மூன்று நாள் பேசவில்லை.

ஒன்று மட்டும் அவனுக்குப் பிடிபடவில்லை. கிலோமீட்டர் ஏறுகிறது... பெட்ரோல் இறங்கவில்லை. ஒரு சொட்டும். திருட்டுப் பயல், போட்டு நிரப்பிவிட்டு வருகிறான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மெக்கானிக் கடையில் ஜாடையாகக் கேட்டான். "பேட்டரியில் மட்டும் எவ்வளவு தூரம் போகும்?" மெக்கானிக் சிரித்தான். "இந்தப் பழசுலயா? ரெண்டு கிலோமீட்டர் போனா கும்பிடு போடு. இந்தக் குளிர்ல அதுவும் கிடையாது. எஞ்சின் சூடாகாம ஒரு அடி நகராது."

பின் சீட்டுக்குப் பக்கத்தில் பேட்டரிக்குக் காற்று இழுக்கிற ஓட்டை இருக்கும், தெரியும்தானே. தூசி அடைத்தால் பேட்டரி சூடேறிக் கெட்டுப்போகும். வந்ததுதான் வந்தோம் என்று அதைத் துடைத்துத் தரச் சொன்னான். மெக்கானிக் கழற்றினான். உள்ளே விரலை விட்டு இழுத்தான். சிரிப்பை நிறுத்திவிட்டான்.

"நீ என்ன, வண்டியை ஆத்துல விட்டியா?"

பாசி. ஈரமாக. அதோடு கொத்துக் கொத்தாக முடி. நரைத்த முடி, நீளமான கறுப்பு முடி... பட்டு மாதிரி மெல்லிசாகக் கொஞ்சம், குழந்தை முடி.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று கல்சன் விற்றவனைத் திட்டினான். அது ஈரமாக எப்படி இருக்கும் என்று மட்டும் அவன் யோசிக்கவில்லை. அவன் மனம் முழுக்கத் தொமோர்தான்.

அன்று சாயங்காலம் வெளியே மைனஸ் முப்பத்து மூன்று. தொமோரின் பையைத் தூக்கி வாசலில் போட்டான். "என் வீட்டில் திருடனுக்கு இடமில்லை." செந்த்மா அழுதாள். தொமோர் அழவில்லை. மாமாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நடந்தே சம்பு வீட்டுக்கு வந்து சேர்ந்தான். காது இரண்டும் வெளுத்துப்போயிருந்ததாம். அவசரத்தில் போட்டுவந்தது மெல்லிய செருப்பு. நல்ல பூட்ஸ் அக்கா வீட்டிலேயே கிடந்தது.

மறுநாள் காலை கல்சன் மீட்டரைப் பார்த்தான்.

நாற்பத்து நான்கு.

அப்படியும் அவன் மனம் இளகவில்லை. போன இடத்திலிருந்து வந்து எடுத்துப்போகிறான், கையும் களவுமாகப் பிடிக்கிறேன் என்று கறுவினான். அன்று ராத்திரி ஆட்டுத்தோல் அங்கியைப் போர்த்திக்கொண்டு பின் சீட்டில் படுத்துவிட்டான். கையில் டயர் கழற்றும் கம்பி.

ஒன்றே முக்கால் இருக்கும். கதவு திறந்த சத்தம் இல்லை. ஆனால்... டிக். முன்பக்கம் பச்சை விளக்கு எரிந்தது. காதுக்குப் பக்கத்தில் பேட்டரி விசிறி மெல்ல உறுமத் தொடங்கியது. எஞ்சின் கிளம்பவில்லை. அந்தக் குளிரில் எஞ்சின் கிளம்பாமலே வண்டி நகர்ந்தது. வாசலைத் தாண்டியது. தெரு இறங்கியது. டயருக்கடியில் பனி நொறுங்குகிற சத்தம் மட்டும்... நற... நற... நற.

கல்சன் அசையவில்லை. எங்கே போகிறான் என்று பார்த்துவிட்டே பிடிப்போம் என்றிருந்தான். கொஞ்ச தூரம் போனதும் தலையைத் தூக்கினான். டிரைவர் சீட்டுக்கு மேலே தொமோரின் தலை தெரியவில்லை. பயல் குனிந்து ஓட்டுகிறான். கையை நீட்டிச் சட்டைக் காலரை ஒரு பிடி பிடித்தான்.

காலர் இல்லை. கழுத்து இல்லை. சில்லென்று ஈரமாக, வெறும் சீட்.

சீட் பெல்ட் மட்டும் இழுத்து மாட்டியிருந்தது. விறைப்பாக, உள்ளே ஓர் ஆள் இருக்கிற அகலத்துக்கு.

கம்பி அவன் கையிலிருந்து நழுவியது. அப்படியே சரிந்து அங்கிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். நான் முதலில் சொன்ன ரோடு அதுதான்.

இருபத்திரண்டு கிலோமீட்டர். ஆற்றுப் பாலத்தின்மேல் வண்டி நின்றது. ஆறு உறைந்து மாதக்கணக்கு ஆகிறது, அதன்மேல் லாரி ஓட்டலாம். கீழேயிருந்து யாரோ ஏறி வருகிற சத்தம். சளக்... சளக். பின் கதவு திறந்தது. அவன் கால்மாட்டில் ஒருவர் உட்கார்ந்தார். சீட் அமிழ்ந்தது. நனைந்த கம்பளி நாற்றம், ஆற்றுச் சேற்று நாற்றம். கதவை மெதுவாக, தூங்குகிறவர்களை எழுப்பாமல் சாத்துகிற மாதிரிச் சாத்தினார். வண்டி திரும்பியது. வழியெல்லாம் கால்மாட்டில் பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டே வந்தன.

வீட்டு முற்றத்தில் நின்றது. கதவு திறந்தது. வெறுங்கால் பனியில் நடந்து வீட்டுப் பக்கம் போயிற்று. போனது திரும்பவில்லை.

உள்ளே செந்த்மா, குழந்தை. எழுந்து ஓட வேண்டும். ஓட முடியவில்லை என்றான். கை கால் கல்லாகிவிட்டது என்றான். இடையில் யாரோ கண்ணாடியில் தட்டினார்கள். அவன் அங்கியை விலக்கவில்லை. அதை மட்டும் சம்புவிடம் சொல்லும்போது அழுதான்.

வெளிச்சம் வந்ததும்தான் உள்ளே ஓடினான். செந்த்மா அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். குழந்தை கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது, கன்னம் சூடாக. வேறு யாருமில்லை. அலமாரி, கட்டிலடி, எல்லாம் பார்த்தான். ஒன்றுமில்லை. கனவு கண்டோம் என்று நினைத்து அழுதுகொண்டே சிரித்தானாம். பெண்டாட்டி காலில் விழப்போனான்.

அப்போது அவள் போன் அடித்தது. அந்தப் போன் வந்திருக்காவிட்டால் இன்றைக்கும் அவர்கள் அங்கேதான் இருந்திருப்பார்கள். மத்தியானத்துக்குள் வீட்டைப் பூட்டிவிட்டு, காரை முற்றத்திலேயே விட்டுவிட்டு, சம்பு வீட்டுக்கு வந்துவிட்டார்கள். யாரும் திரும்பிப் போகவில்லை. கல்சன் மச்சானிடம் மன்னிப்புக் கேட்டான். தொமோர் மன்னித்தானா என்று சம்பு சொல்லவில்லை.

போனில் பேசியது தொமோர்தான்.

"அக்கா... கோவத்தை விடு. யாரு அக்கா தவறிட்டாங்க?"

"என்னடா உளர்றே?"

"பூட்ஸை எடுக்கலாம்னு அஞ்சு மணிக்கு வந்தேன். மாமா கார்ல படுத்திருந்தாரு, தட்டினேன், எந்திரிக்கல. ஜன்னல் வழியா பார்த்தா விடிவிளக்கு வெளிச்சத்துல உள்ளே ஒரே சனம். பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கும். கிழவன், கிழவி, சின்னப் புள்ளைங்ககூட. உடுப்பெல்லாம் சொட்டச் சொட்ட நனைஞ்சிருந்துச்சு. யாரும் பேசல. கட்டிலைச் சுத்தி நின்னு உன்னையும் பாப்பாவையுமே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. துக்க வீடு போலன்னு நான் உள்ளே வரலை."

செந்த்மா குழந்தையைக் கட்டிலிலிருந்து வாரி எடுத்தாள்.

"அக்கா, இருக்கியா? அவ்வளவு நெருக்கிக்கிட்டு நின்னாங்களே... பாப்பா தலைமாட்டுல மட்டும் ஒரு ஆள் நிக்க இடம் விட்டிருந்தாங்க. அது யாருக்கு?"