கொடித்தோடை ஏறிய யன்னல்

கொடித்தோடைக்கு, அதுதான் பாஷன் புரூட்டுக்கு, குளிரைவிட ஈரம்தான் எதிரி. நீங்களும் வீட்டில் நட நினைத்தால் இதை மட்டும் மறக்க வேண்டாம். ஸ்னோவைத் தாங்குகிற இனம் இருக்கிறது. மேலே எல்லாம் கருகிச் செத்தாலும் வேர் மண்ணுக்குள் உயிரோடு கிடந்து ஜூனில் முளைக்கும். ஆனால் எங்கள் மல்வேர்ன் பக்கத்துக் களிமண்ணில் மழைத்தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிப்போகும். என் முதல் கொடி அப்படித்தான் போனது. வெளியே இப்போது தூறுகிறதா? யாரிடமாவது கேட்டுச் சொல்லுங்கள். மழை என்றால் எனக்கு இருப்புக்கொள்ளாது.

விட்பியில் இருக்கிற என் மச்சாள் சிரித்தாள். “உது இந்தக் குளிருக்குச் சரிவராது. பேசாமல் தக்காளியை நடுங்கோ,” என்றாள். அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. சமைத்துக்கொண்டிருக்கும்போதே கையைத் துடைத்துவிட்டுத் தோட்டத்துக்கு ஓடுவேன். உள்ளே கறி அடிப்பிடிக்கும். வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் இடத்தைக் கண்டுபிடித்தேன். தெற்குச் சுவர், பேஸ்மென்ட் யன்னலடி. மேலே கூரை நீண்டிருப்பதால் மழை விழாது. உள்ளே ஹீட்டர் போட்டால் அந்தச் சூடு சுவரால் வேருக்கு இறங்கும்.

பேஸ்மென்டில் வாடகைக்கு இருந்தது கிளிபோட். பேக்கரியில் இரவு வேலை செய்கிற நல்ல பிள்ளை. அங்கே நட்ட பிறகு வந்த இரண்டு குளிர்காலமும் அவனுடைய அறைச் சூட்டில்தான் என் வேர் பிழைத்தது. அதற்கு நான் அவனுக்கு நன்றியோடுதான் இருந்தேன், வாக்குமூலத்தில் வேறுமாதிரி எழுத வேண்டாம்.

கொடி ஏறுவதற்கு இரும்புத் தட்டி ஒன்றை அந்த யன்னலுக்கு முன்னால் கொக்கியில் கொளுவினேன். யன்னல் வெளிப்பக்கமாகத் திறக்கிறது. அதனால் கிளிபோட் மேலே வந்து கேட்டான்.

“அன்ரி, யன்னலைத் திறக்க ஏலாமல் கிடக்கு. உள்ளுக்கு ஒரே இருட்டு.”

“பகலில நித்திரை கொள்ளுற உமக்கு இருட்டு நல்லதுதானே தம்பி. பூத்து முடியட்டும், கழட்டிவிடுறன்.”

“நெருப்பு கிருப்பு எண்டால் நான் எதுக்காலை வெளியில வாறது?”

“வாசல் இருக்குத்தானே,” என்றேன். அவன் சிரித்துவிட்டுப் போனான். நான் நியாயமாகத்தான் பேசினேன்.

இந்தப் பூ ஒரு நாள்தான் விரிந்திருக்கும், பிறகு சுருங்கிவிடும். படம் அனுப்பினால் மச்சாள் வேறு எங்கேயோ எடுத்த படம் என்பாள், அவளை எனக்குத் தெரியும். அதனால் மொட்டுகள் முற்றியதும் ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னேன். அன்று காலை பழுத்த இலைகளை வெட்டிக்கொண்டு யன்னலடியில் நின்றேன். பூ ஊதா நூல்களாக விரியத் தொடங்கியிருந்தது.

அப்போதுதான் உள்ளே அலாரம் கத்தியது. வேலையால் வந்தவன் எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைத்துவிட்டுக் கண்ணயர்ந்திருக்க வேண்டும். அடுப்பு வாசற்படியோடு இருக்கிறது, அந்த வழியால் வரமுடியாது. யன்னல் விரல் நுழையும் அளவுக்குத் திறந்து தட்டியில் இடித்து நின்றது. புகை வந்தது. “அன்ரி, வெட்டுங்கோ, வெட்டுங்கோ,” என்றான்.

கத்தரி என் கையில்தான் இருந்தது. அடித்தண்டில் ஒரு வெட்டு வெட்டியிருந்தால் தட்டியைத் தூக்கி எறிந்திருக்கலாம். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் மூன்று வருடம் என்னை ஓரிடத்தில் இருக்கவிடாத கொடியை எடுத்த எடுப்பில் வெட்ட ஏலுமா? கொடியின் பற்றுக்கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். அவை கம்பியில் இறுகச் சுற்றியிருக்கும். இழுத்தால் மொட்டு உதிரும். “பொறும் தம்பி, கழட்டுறன்,” என்று சொல்லிக்கொண்டேதான் இருந்தேன். முதலில் அவன் கண்ணாடியில் வேகமாகத் தட்டினான். பிறகு ஆறுதலாக, மெல்ல மெல்லத் தட்டினான். பிறகு நான் கவனிக்கவில்லை.

கொடியைப் புல்லில் கிடத்திய பிறகுதான் 911 அடித்தேன். இரண்டு கையும் வேலையாக இருக்கும்போது எப்படி அடிப்பது? தீயணைப்புக்காரர் வந்து யன்னலால் அவனைத் தூக்கி அதே புல்லில் கிடத்தினார்கள். கொடியை மிதிக்க வேண்டாம் என்று நான் அவர்களிடம் சொன்னது உண்மை. மச்சாள் அந்த நேரம்தான் காரால் இறங்கினாள். அவள் அவனைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பூவை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. அது எனக்கு இன்னும் மனதைக் குடைகிறது.

கிளிபோட்டின் தாய் போனில் அழுதபோது நானும் அழுதேன். தட்டியைப் போட்டதும் நான்தான், வெட்டாமல் நின்றதும் நான்தான். என்னால்தான் அவன் செத்தான் என்று எழுதுங்கள், கையெழுத்து வைக்கிறேன். ஆனால் நான் சும்மா பார்த்துக்கொண்டு நின்றதாக மட்டும் எழுத வேண்டாம். அன்றைக்கு அந்த யன்னலடியில் இரண்டு உயிர்கள் இருந்தன. ஒன்றையாவது நான் காப்பாற்றினேன்.