கழுத்துக்குத் தனிக் கவனம்

கிளினிக் பலகையில் என் படம் சரியாக விழவில்லை, மேடம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படத்தைப் பார்த்தால் கொஞ்சம் கடுமையான ஆள் மாதிரித் தெரியும். நேரில் பழகியவர்கள் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

எங்கள் கிளினிக் திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்தில், ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. ஆஸ்டியோபதி. மருந்தும் ஊசியும் இல்லாமல், கையாலேயே எலும்பையும் மூட்டையும் தசையையும் சரிசெய்கிற வைத்தியம். அந்தப் பக்கத்து ஜனங்கள் ‘நெட்டி எடுக்குற டாக்டரு’ என்பார்கள். மூன்று பேர் இருந்தோம். கிளினிக்கைத் தொடங்கிய ரோஸ்மேரி டாக்டர், அடுத்து மகிழினி, மூன்றாவதாக நான், ஜெரின்.

போன வருடம் ரோஸ்மேரி டாக்டர் வரவேற்பறையில் ஒரு பலகை வைக்க ஆசைப்பட்டார். நாங்கள் எங்கே பிறந்தோம், எங்கே படித்தோம், வேலையில்லாத நேரத்தில் என்ன செய்வோம் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும் என்றார்.

“வர்றவங்க நம்ம கையில உடம்ப ஒப்படைக்கிறாங்க ஜெரின். அது யாரு கைன்னு அவங்களுக்குத் தெரியணும்லா. நீயே எழுதிரு, ஒனக்குத்தான் தமிழ் நல்லா வருது.”

எழுதினேன். ரோஸ்மேரி டாக்டர் தூத்துக்குடிக்காரர். மஸ்கட்டில் பதினொரு வருடம் பிசியோதெரபி வேலை பார்த்துவிட்டு ஆஸ்டியோபதி படித்தவர். மொட்டைமாடியில் கள்ளிச்செடி வளர்ப்பார், சர்ச் பாடகர் குழுவில் பாடுவார். மகிழினி வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் பிறந்தவள். பாக்ஸிங்கில் மாநில அளவில் பதக்கம் வாங்கியவள். ஒரு போட்டியில் வலது தோள் கழன்றுவிட்டது. அதைத் திரும்ப ஏற்றிவிட்ட பெண் வைத்தியரைப் பார்த்துத்தான் இந்தப் படிப்புக்கு வந்தாளாம். சாயங்காலத்தில் பெண் பிள்ளைகளுக்கு பாக்ஸிங் சொல்லிக்கொடுக்கிறாள். அதைப் போட்டால் நோயாளிகள் பயப்பட மாட்டார்களா என்று கேட்டேன்.

“இன்னாத்துக்கு பயம்? குத்தத் தெரிஞ்ச கைக்குத்தான் எங்க குத்தக்கூடாதுன்னு தெரியும். அத்தையும் சேத்து எழுது சார்” என்றாள்.

என்னைப் பற்றி எழுதும்போதுதான் பேனா நின்றது. உண்மையைச் சொன்னால், நான் மார்த்தாண்டத்துக்காரன். பிசியோதெரபி இரண்டாம் வருடத்தோடு நின்றுபோனவன். உடற்கூறு வகுப்பில் மேசைமேல் கிடத்தியிருந்த சடலத்தின் பக்கத்தில் என்னால் நிற்க முடியவில்லை. நான் பயந்த சுபாவம் உள்ளவன், மேடம். எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம். சாத்தாங்காட்டில் இரும்புக்கடை வைத்திருக்கிற என் மாமா ஆசீர்வாதம் நம்ம தெற்குப் பக்கத்துப் பிள்ளை என்று ரோஸ்மேரி டாக்டரிடம் சொல்லிச் சேர்த்துவிட்டார். சான்றிதழை ஒரு கடையில் அடித்து வாங்கினேன். தொழிலை வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். ஐந்து வருடம் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பலகையில் இப்படி எழுதினேன்: பெங்களூரில் ஒரு பெரிய காலேஜின் பெயர், அங்கே நான்கு வருடப் பட்டப்படிப்பு. கழுத்து சிகிச்சையில் தனிக் கவனம். விருப்பம், எண்ணூர் கழிமுகத்தில் பறவைகளைப் பார்ப்பது. கடைசி வரியை எங்கிருந்து எடுத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. பறவை பார்க்கிறவன் என்றால் பொறுமைசாலி என்று நினைப்பார்கள் என்று தோன்றியது.

மலர்க்கொடி அந்த வரியைப் பார்த்துத்தான் என்னிடம் வந்தார்.

அவருக்கு முப்பத்தாறு வயது. ஒரு கன்டெய்னர் யார்டில் லாரிகளுக்கு கேட் பாஸ் எழுதுகிற வேலை. நாள் முழுக்கக் குனிந்தே இருப்பதால் கழுத்துவலி. முதல் தடவை மகிழினிதான் பார்த்தாள். தலையைப் பின்னால் சாய்த்ததும் அவருக்குத் தலைசுற்றல் வந்திருக்கிறது. மகிழினி அவருடைய அட்டையில் சிவப்பு மையில் எழுதினாள்: கழுத்தைத் திருப்பி நெட்டி எடுக்கவே கூடாது, ஸ்கேன் பார்த்துவிட்டு வரட்டும், அதுவரை தோளை மட்டும் இதமாகப் பிடித்துவிடலாம். அந்த வேலைக்கு மலர்க்கொடி என்னைக் கேட்டார்.

“பட்சி பாக்குறவரு, கை மெதுவா இருக்கும்னு நெனச்சேன் சார்” என்று காரணமும் சொன்னார்.

அவருடைய அப்பா எண்ணூர் பக்கம் உப்பளத்தில் வேலை பார்த்தவர். பறவைகளுக்கு நடுவில் வளர்ந்த பெண். இரண்டாம் முறை வந்தபோது, குப்புறப் படுத்தபடியே ஒரு கேள்வி கேட்டார்.

“உப்பளத்துல நெட்டையா ஒண்ணு நிக்கும் சார். செக்கச்செவேல்னு குச்சி மாரி காலு, ஊசி மாரி மூக்கு. பொஸ்தகத்துல அதுக்கு இன்னா பேரு?”

“கொக்கு” என்றேன்.

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. “கொக்கு எனக்குத் தெரியாதா சார்? அது உள்ளான் ஜாதி. நீங்க பட்சியே பாத்ததில்ல போல” என்றார். நானும் சிரித்தேன். அன்று வீட்டுக்குப் போய் சாப்பிட முடியவில்லை.

மூன்றாவது முறை வந்தது ஒரு வெள்ளிக்கிழமை காலை, பத்தரை மணி. ரோஸ்மேரி டாக்டர் ஒரு கல்யாணத்துக்காகத் தூத்துக்குடி போயிருந்தார். மகிழினி தன் பிள்ளைகளைப் போட்டிக்கு அழைத்துப் போயிருந்தாள். நான் மட்டும்தான். மலர்க்கொடியோடு அவர் கணவர் பக்தவச்சலமும் வந்திருந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். ராத்திரி ஷிப்ட் முடிந்து நேராக வந்ததால் வெளியே நாற்காலியில் உட்கார்ந்ததும் கண்ணை மூடிவிட்டார்.

மலர்க்கொடி மேசைமேல் மல்லாந்து படுத்தார். அவர் குரலில் சந்தோஷம் இருந்தது.

“சார், எங்க அண்ணன் பொண்ணு யசோதரா கீறா இல்ல, நீங்க படிச்ச அதே காலேஜ்லதான் படிக்கிறா. உங்க பேரச் சொன்னேன். பழைய லிஸ்ட்டுல அப்டி யாருமே இல்லன்னு சொல்லிகினு கீறா. நாளைக்கு ஊருக்கு வர்றா. நேர்லயே கூட்டினு வரேன், நீங்களே சொல்லிடுங்க.”

அவருக்கு என்மேல் சந்தேகம் இல்லை என்றே நினைக்கிறேன். ஏதோ குழப்பம், நேரில் பார்த்தால் தீர்ந்துவிடும் என்று நினைத்தார். என் கைகள் அப்போது அவர் தலைக்கு அடியில் இருந்தன. விரல்நுனி எல்லாம் சில்லிட்டுப்போனது. அதை அவரும் உணர்ந்திருக்க வேண்டும். கண்ணைத் திறந்து தலைகீழாக என்னைப் பார்த்தார்.

“இன்னா சார், கை இப்டி சில்லுன்னு கீது?” என்றார்.

தலையை இடப்பக்கம் வெடுக்கென்று திருப்பினேன். ஒரு சின்னச் சத்தம். கை தவறிவிட்டது.

இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒன்றும் இல்லை. பிறகு அறை சுற்றுகிறது என்றார். எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்றார். ஒருமுறை வாந்தி எடுத்தார். நான் துடைத்துவிட்டேன். பேச்சு குழற ஆரம்பித்தது. “அவர கூப்டு” என்பதை மூன்று தடவை சொன்னார். மூன்றாவது தடவை அது வெறும் சத்தமாகத்தான் வந்தது. கழுத்தில் மூளைக்குப் போகிற ரத்தக்குழாய் கிழிந்தால் இப்படித்தான் ஆகும் என்று நான் படித்திருக்கிறேன். முதல் சில மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரிக்குப் போனால் காப்பாற்றிவிட வாய்ப்பு உண்டு என்றும் படித்திருக்கிறேன்.

வெளியே வந்தேன். பக்தவச்சலம் விழித்துக்கொண்டு எழுந்தார்.

“நல்லாத் தூங்குறாங்க. தசை தளர்ந்தா அப்படித்தான் தூக்கம் வரும். எழுப்ப வேண்டாம்” என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. “தூங்கட்டும் சார். வலில அதுக்குத் தூக்கமே இல்லாம பேஜாராயிடுச்சி” என்று சொல்லிவிட்டு, சத்தம் வரக்கூடாது என்று செல்போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு, நாற்காலியில் மறுபடி கண்ணை மூடிவிட்டார்.

நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். ஒன்றரை மணி வரைக்கும் மலர்க்கொடியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவரைத் தனியாக விடவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலில் விரல்கள் என் கையை இறுக்கின. பன்னிரண்டு மணிக்குமேல் இறுக்கவில்லை. கண்கள் மட்டும் திறந்திருந்தன. கீழே சாலையில் கன்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் ஜன்னல் அதிரும். அந்தச் சத்தத்துக்குக் கண் இமைக்கும். அப்புறம் திரும்பவும் என்னையே பார்க்கும். அவ்வளவு பயத்தை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை, என்னிடம் தவிர.

பிறகு சத்தம் போட்டேன். ஆம்புலன்ஸ் வந்தது. தூங்கி எழுந்ததும் வாந்தி எடுத்து விழுந்துவிட்டார் என்று சொன்னேன். தோளை மட்டும்தான் பிடித்துவிட்டேன் என்று அட்டையிலும் எழுதிவைத்தேன். மகிழினி செய்தி கேட்டு ஓடிவந்து அந்த அட்டையைத்தான் முதலில் எடுத்துப் பார்த்தாள். கழுத்தைத் தொடாதே என்று அவளே எழுதியிருந்த சிவப்பு எழுத்துக்குக் கீழே என் குறிப்பு இருந்தது. நம்பிவிட்டாள். ஆஸ்பத்திரியில், ரத்தக்குழாய் தானாகவும் கிழியலாம் என்றார்கள். அந்த நிலைமையில் யசோதராவும் காலேஜைப் பற்றிக் கேட்கவில்லை.

மலர்க்கொடி சாகவில்லை. கண்ணைத் தவிர, தலையிலிருந்து கால்வரை எதுவும் அசையவில்லை. நினைவு இல்லை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். எர்ணாவூரில் அவர்கள் வீட்டுக்கு வாரம் இரண்டு முறை போனேன். யாரும் என்னை அழைக்கவில்லை. கை கால் மூட்டு இறுகிப்போகாமல் இருக்க மடக்கி நீட்டிவிடுவேன். நான் உள்ளே நுழைந்ததும் அவர் கண்ணில் தண்ணீர் வழியும். இந்த நோயில் அது சகஜம் என்று பக்தவச்சலத்திடம் சொன்னேன். துடைத்துவிடுவதும் நான்தான்.

ஆறு மாதம் கழித்து மகிழினி ஒருநாள் என்னோடு வந்தாள். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ பேசிக்கொண்டிருந்தவள் திடீரென்று நிறுத்தினாள்.

“அக்கா, நான் பேசுறது கேக்குதுன்னா மேல பாரு” என்றாள்.

கண் மேலே போனது. இன்னொரு தடவை சொன்னாள். இன்னொரு தடவை போனது.

மகிழினி என் பக்கம் திரும்பினாள். அவள் குரலே மாறிவிட்டது. “சார், அக்கா உள்ளாற முழுசா கீறாங்க சார். இத்தினி நாளும் இருந்துகினுதான் கீறாங்க.”

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷத்தில் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

மறுநாளே மகிழினி ஒரு அட்டையில் எழுத்துகளை வரிசை வரிசையாக எழுதிக் கொண்டுவந்தாள். ஒருவர் அட்டையைப் பிடித்துக்கொண்டு வரிசைகளைச் சொல்ல வேண்டும். சரியான வரிசை வந்ததும் மலர்க்கொடி மேலே பார்ப்பார். பிறகு அந்த வரிசையில் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல வேண்டும். அதற்கும் மேலே பார்ப்பார். ஒரு வார்த்தைக்குக் கால்மணி நேரம் ஆகும். அந்தப் பொறுமை எனக்குத்தான் உண்டு என்று சொல்லி அட்டையை நான் வாங்கிக்கொண்டேன்.

பக்தவச்சலம் கட்டில் காலடியில் கைகட்டிக்கொண்டு நின்றார். மலர்க்கொடி முதலில் என் பெயரைச் சொன்னார். பிறகு இன்னொரு வார்த்தை. ‘ஜெரின் வேணாம்.’

‘ஜெரின் வேணும்’ என்று நான் படித்தேன். ஒரே ஒரு எழுத்தைத்தான் மாற்றினேன், மேடம்.

பக்தவச்சலம் என் இரண்டு கையையும் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். “ஆறு மாசம் கழிச்சி வாயத் தொறந்து உங்களத்தான் சார் கேக்குறா” என்றார். மலர்க்கொடி அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மேலே, மேலே, மேலே என்று கண் போய்க்கொண்டே இருந்தது. களைத்துவிட்டார் என்று சொல்லி அட்டையை மடக்கினேன். அதன்பின் வாரம் மூன்று நாள் போனேன். அவர் என்ன சொன்னாலும் நான் நல்லதாகவே படித்துச் சொன்னேன். சாப்பாடு ருசியாக இருக்கிறது, பக்தவச்சலம் அழக்கூடாது, ஜெரின் சார் வந்தால் தெம்பாக இருக்கிறது. அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் திரும்பக் கேட்க ஆரம்பித்தது. கடைசி இரண்டு மாதம் அட்டையை எடுத்தால் மலர்க்கொடி கண்ணை மூடிக்கொள்வார். மூடிய கண்ணையும் நான் படித்தேன்.

போன மாதம் யசோதரா லீவில் வந்தாள். நான் படிக்கும்போது சத்தமில்லாமல் எனக்குப் பின்னால் நின்றிருக்கிறாள். அத்தையின் கண்ணை அவளும் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு டீ கொடுத்து அனுப்பினாள். மறுநாள் அவளும் மகிழினியும் கதவைப் பூட்டிக்கொண்டு, காலையிலிருந்து சாயங்காலம் வரை அட்டையைப் பிடித்திருக்கிறார்கள். மலர்க்கொடி சொன்னது ஐந்தே வார்த்தை என்று நீங்கள்தான் எனக்குக் காட்டினீர்கள். ‘கழுத்த ஒடச்சான். நான் தூங்கல. பாத்துகினிருந்தான்.’

அதில் பொய் ஒன்றும் இல்லை. முன்னால் கை தவறிவிட்டது என்று சொன்னேன், நீங்களும் அப்படியே எழுதிக்கொண்டீர்கள். அதை அடித்துவிடுங்கள். கை தவறவில்லை. சிவப்பு எழுத்தைப் படித்தேன். எவ்வளவு திருப்பினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அந்த அளவுக்குத் திருப்பினேன். செத்துவிடுவார் என்றுதான் கையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். யசோதரா வந்து கேட்டால் நான் என்ன சொல்வேன், மேடம்? என் நிலைமையில் இருந்து பாருங்கள்.

எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு விஷயம். நீங்கள் என்னைப் பிடித்துவந்த செவ்வாய்க்கிழமையிலிருந்து நான் எர்ணாவூர் போகவில்லை. மூட்டெல்லாம் இறுகிப்போயிருக்கும். மகிழினி நல்லவள்தான், ஆனால் மலர்க்கொடியின் மனது அவளுக்குத் தெரியாது. ஒரு போலீஸ்காரரை வேண்டுமானால் கூட அனுப்புங்கள், பத்தே நிமிடம் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன். என்னைக் காணாமல் பயந்துபோயிருப்பார்.