மஞ்சள் பூசிய நட்டு

பழைய காரின் பின்பக்கத்திலிருந்து வரும் எல்லாச் சத்தமும் பழுது அல்ல. வாடிக்கையாளர்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை வறண்டுவிட்டது. எனக்கு நோர்வேஜிய மொழி நன்றாகவே வரும். ஆனால் இன்று அலுப்பாக இருக்கிறது. மொழிபெயர்க்க இந்தத் தங்கச்சி இருப்பதால் தமிழிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் வரதராசா. புருசெத்தில் நானும் என் மனைவியின் தம்பி ஞானரட்ணமும் ஒரு கராஜ் வைத்திருந்தோம். ஹொட் ரொட் என்று இங்கே பலர் பைத்தியமாகத் திரியும் பழைய அமெரிக்கக் கார்களுக்குக் குயிக் சேஞ்ச் பின் அச்சு பொருத்துவதுதான் எங்கள் வேலை. சாதாரண காரில் அதற்குள் இருக்கும் பற்சக்கரத்தை மாற்ற அச்சையே கழற்ற வேண்டும். இதில் மூடியைத் திறந்து இரண்டு பற்சக்கரங்களை மாற்றிப் போட்டால் போதும், தேநீர் ஆறுவதற்குள் கிளம்பிவிடலாம். ஓடும்போது ஊளையிடும். அந்த ஊளைக்காகவே எங்களைத் தேடி வந்தார்கள்.

எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. பூட்டுவது ஒருவர், சோதிப்பது மற்றவர். ரோட்டில் உருளும் சில்லைப் பிடித்திருக்கும் நட்டை நான் இறுக்கி, அது கழன்று வராதபடி குறுக்கே ஒரு கம்பி குத்தி வளைப்பேன். ரட்ணம் ஸ்பானர் வைத்து இழுத்துப் பார்த்துவிட்டு மஞ்சள் பெயின்ற்றால் ஒரு கோடு பூசுவான். கோடு இருந்தால் கார் வெளியே போகலாம். ஆரம்பத்தில் ஒழுங்காகத்தான் பார்த்தான். பிறகு ஒரு கையில் தூரிகை, மறு கையில் போன். பூசுவான், போய்விடுவான்.

போன வருடம் ஒருவருடைய காரில் சில்லு ஆடியது. கம்பி குத்த மறந்தது நான்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த நட்டிலும் மஞ்சள் கோடு இருந்தது. ரட்ணம் அந்த மனிதரிடம் என்னைக் காட்டி, அவருக்கு வயதாகிவிட்டது, இனி நான் கவனமாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னான். அதன் பிறகு வருகிறவர்கள் என்னைத் தாண்டி அவனிடம் போனார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. அந்தக் கோபத்தோடுதான் தினமும் கராஜைத் திறந்தேன், பூட்டினேன்.

இந்தக் கோடையில் அவனுடைய மகள் தக்சிலா வயதுக்கு வந்ததற்குச் சாமத்தியச் சடங்கு. மற்றவர்கள் லிமோசின் பிடிப்பார்கள், குதிரைவண்டி பிடிப்பார்கள். ரட்ணம் தன் சொந்த ஹொட் ரொட்டில் பிள்ளையை ஸ்ட்ரோம்மன் மண்டபத்துக்குக் கொண்டுபோகப் போவதாக எல்லோருக்கும் சொல்லிவிட்டான். அந்தக் காருக்கும் குயிக் சேஞ்ச் பொருத்தியது நான். இடப்பக்க நட்டைக் கையால் மட்டும் திருகினேன். கம்பி குத்தவில்லை.

என் எண்ணம் எளிமையானது. ஸ்பானரை வைத்தால் உடனே தெரிந்துவிடும். தெரிந்திருந்தால் நான் மன்னிப்புக் கேட்டிருப்பேன். வைக்காவிட்டால், பார்க்காமல் பூசுகிறவன் யார் என்று எல்லோருக்கும் விளங்கட்டும். அவன் வந்தான். பூ அலங்காரக்காரியோடு போனில் கதைத்தபடியே கோடு பூசினான். தன் சொந்தக் காருக்கே அவ்வளவுதான். நான் சில்லின் மூடியை அடித்துப் பூட்டினேன்.

சடங்கன்று விடியக்காலை தன் வீட்டிலிருந்து போன் எடுத்தான்.

"அத்தான், பின்னுக்கு இடப்பக்கம் ஒரு சத்தம் கேக்குது. ஒருக்கா வந்து பாக்கிறீங்களோ?"

"குயிக் சேஞ்ச் எண்டா கத்தும்தானே. நீ பயப்பிடாம மண்டபத்துக்குக் கொண்டு வா."

அவன் நம்பினான். கார் விஷயத்தில் கடைசியில் என் சொல்லைத்தான் கேட்டான் என்பது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

நெடுஞ்சாலை இறக்கத்தில் சில்லு தனியாகக் கழன்று ஓடியது. ரட்ணத்துக்குத் தோள் எலும்பு முறிந்தது. பின்னால் திறந்த இருக்கையில் சேலையும் நகையுமாக இருந்த தக்சிலா ரோட்டில் வீசப்பட்டாள். மண்டப வாசலில் என் மனைவி ஆரத்தித் தட்டோடு காத்துக்கொண்டு நின்றாள். செத்தவீட்டில் நானும் அழுதேன். அதை நடிப்பென்று எழுத வேண்டாம். மாமா மாமா என்று என் காலைச் சுற்றி வளர்ந்த பிள்ளை.

தவறு தன்னுடையது என்று ரட்ணம் இந்தப் பொலிஸ் நிலையத்தில் உங்களிடம் ஒத்துக்கொண்டது எனக்குத் தெரியும். ஒவ்வொரு பின்னேரமும் எங்கள் குசினியில், சாப்பாட்டு மேசையடியில் வந்து இருக்கிறான்.

"நான் பாக்கேல்லை அத்தான். என்ரை பிள்ளையை நானே சாக்காட்டிட்டன்."

இதையே சொல்கிறான். விதி என்று நானும் ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். கேட்டுக் கேட்டுக் களைத்துவிட்டேன். உண்மை தெரிந்தால் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிடுவான் என்றுதான் இங்கே வந்தேன்.

ஒன்றை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். நான் யாருடைய உயிருக்கும் ஆசைப்படவில்லை. கார் தெருவைத் தாண்டாது, அவன் வீட்டு வாசலிலேயே சில்லு ஆடி நின்றுவிடும் என்று முழு மனதாக நம்பியிருந்தேன். என் மகள் வினோஜாவும் தோழியாகத் தக்சிலாவுக்குப் பக்கத்தில் ஏற வேண்டியவள்தானே என்று கேட்கிறீர்கள். உண்மைதான். சேலை உடுத்தி, பூ வைத்து, ரட்ணத்தின் வீட்டு வாசலில் காருக்குக் கிட்டப் போய்விட்டாள். நான்தான் கையைப் பிடித்து இழுத்து, நீ என்னோடு பஸ்ஸில் வா என்றேன்.