கிடங்கில் இருந்தது தண்ணீர்

பெயின்ட் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். வயது ஐம்பத்து மூன்று. கம்பெனிக் கிடங்குக்கு எதிர்த் தெருவில், மாடிப் போர்ஷனில் மனைவியுடன் குடியிருக்கிறேன். நானாக முன்வந்து சொல்வது என்னவென்றால்:

கிடங்கில் இருக்கும் சரக்கை அடமானமாகக் காட்டித்தான் எங்கள் முதலாளி பேங்கில் கடன் வாங்கியிருந்தார். சரக்கு குறைந்தால் பேங்க் பணத்தைத் திருப்பிக் கேட்கும். அதனால் பேங்க் ஆள் அவ்வப்போது வந்து வரிசைகளை எண்ணி, ஏதாவது ஒரு டப்பாவைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போவார். வியாபாரம் படுத்த பிறகு முதலாளி என்னைக் கூப்பிட்டு, வரிசை குறையக்கூடாது என்று மட்டும் சொன்னார். எப்படி என்று சொல்லவில்லை. காலி டப்பாவில் தண்ணீர் பிடித்து, மூடியை அடித்து அடுக்கியது என் யோசனை. அப்போது அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதிக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு காலி டப்பா போதவில்லை. கம்பெனிக்கு டப்பா செய்து கொடுப்பது என் மனைவியின் தம்பி. பழைய பாக்கி வராததால் அவன் நிறுத்தி வைத்திருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே, "மாமா, உள்ள இருக்கறது நீங்க. கடனுக்கு இன்னும் குடுக்கலாமா?" என்று கேட்டான். நான் அவனைக் கிடங்குக்கு அழைத்துப்போய், கூரைவரை அடுக்கியிருந்ததைக் காட்டினேன். இவ்வளவு சரக்கை வைத்துக்கொண்டா உங்கள் முதலாளி மூக்கால் அழுகிறார் என்று சிரித்தான். நானும் சேர்ந்து சிரித்தேன். தகரம் வாங்குவதற்காக அவன் பட்டறையை அடகு வைத்தான். அவன் கொடுத்த டப்பாக்களிலும் தண்ணீர்தான் பிடித்தேன்.

அதன் பிறகு கம்பெனி திவாலானது. நீதிமன்றம் நியமித்த அதிகாரி கிடங்குக்குச் சீல் வைத்துவிட்டு, எங்கள் எல்லோரையும் கூட்டி, இருப்பதை விற்றால் யாருக்கு முதலில் என்று விளக்கினார். அடமானம் வாங்கிய பேங்கும் தொழிலாளிகளின் சம்பள பாக்கியும் முன்னால். கடனுக்குச் சரக்கு கொடுத்தவர்கள் கடைசியில், மிச்சம் இருந்தால். மிச்சம் இருக்காது என்று எனக்குத் தெரியும். என் சம்பள பாக்கிக்கு மனு எழுதிக் கொடுத்ததே மனைவியின் தம்பிதான். "உங்களுக்காவது வருதே மாமா, அக்கா நிம்மதியா இருக்கட்டும்" என்றான்.

முதலாளி தெரிந்தே ஏமாற்றினார் என்று நிரூபித்தால் அவருடைய சொந்தச் சொத்திலிருந்தும் வசூலிக்கலாம் என்று அந்த அதிகாரி சொன்னதால் இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன். இதைச் சொன்னால் என் பெயரும் வழக்கில் சேரும் என்று நீங்கள் எச்சரித்தீர்கள், புரிந்துகொண்டேன். என்னை வண்டியில் கூட்டிவந்தது மனைவியின் தம்பி. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். முதலாளி செய்ததைச் சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். அவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இதை நீங்களே அவனுக்குப் படித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

யாருடைய நிர்ப்பந்தமும் இல்லாமல் சொன்னேன். எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள், கேட்டேன். சொன்னது சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(கையொப்பம்)