பொறிக்குப் பயந்தவர்

ராத்திரி ஒரு மணி. மல்லாங்கிணறு தாண்டி, ஈ காக்கை இல்லாத கரிசல் காட்டு ரோடு...

நம் சபரிநாதனின் பெரியம்மா ஞானசுந்தரிக்கு, இரண்டாயிரத்து எட்டில் நடந்தது இது. நெருங்கி உட்காருங்கள்.

புருஷன் தனுஷ்கோடி பட்டாசுக் கம்பெனி முதலாளி. சினிமாக்காரர்கள் கழித்துக் கட்டிய கேரவனை வாங்கி, உள்ளே கட்டில், ஏசி என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தார். அந்தப் பவிசு வண்டி அன்றைக்கு நடுரோட்டில் படுத்துவிட்டது. எதிரே அவருடைய பழைய ஆலை. முந்தின வருஷம் வெடித்து, பூட்டிக் கிடந்தது. வண்டியை அதன் வாசலில் தள்ளி நிறுத்திவிட்டு, டிரைவர் சோணைமுத்து மெக்கானிக்கைத் தேடி நடந்தான்.

ஏசி இல்லாமல் முதலாளிக்குத் தூக்கம் வராதே! சின்ன ஜெனரேட்டரை இறக்கி, வண்டிக்கு வயரைச் செருகினார். அதன் புகைக்குழாயை ஆலைப் பக்கமிருந்து திருப்பி, வண்டி ஜன்னலைப் பார்க்க வைத்தார்.

"ஏங்க, புகை அம்புட்டும் உள்ளல்ல வரும்? தள்ளி வைங்க."

"ஏட்டி, வயரு எட்டாது. அங்கிட்டுத் திருப்புனா பொறி பறக்கும். ஆலைக்குள்ள இன்னும் வெடிமருந்து கெடக்கு. புகை என்ன, உன்னயக் கடிச்சா திங்கும்? சிவகாசியில வாக்கப்பட்டும் புத்தி வரல."

"போன வருசம் ஆலை வெடிச்சு சோலைச்சாமி செத்தப்பவும் இதே வாய்தான்."

"மருந்து கலக்குறவன் செம்புத் தகட்டைத் தொடாம உள்ள போனான். முட்டாப்பய, செத்தான்."

உடம்பு மின்சாரம் இறங்கத் தொடுகிற தகடு அது. சோலைச்சாமி மருந்து கலக்கிய ஷெட்டில் தகடே கிடையாது. அது அவளுக்கும் தெரியும். அவர் வண்டிக்குள் ஏறிப் படுத்ததும், இந்த மூஞ்சிக்குப் பதில் ஒரு கேடா என்று திரும்பிப் படுத்தாள்.

டுபுடுபுடுபு... ஜெனரேட்டர் சத்தம். தலை கனத்தது. கை கால் மரத்தது. குப்பென்று கந்தக நெடி... யாரோ மணிக்கட்டைப் பிடித்தார்கள். சொரசொரப்பான கை.

ஒரே இழுப்பு. வெளியே மண்ணில் கிடந்தாள். சுற்றிலும் யாருமில்லை. பின்னால் கதவு...

டப்.

உள்ளே தட்டுகிற சத்தம். முதலில் பலமாக. அப்புறம் மெதுவாக... அப்புறம் நகம் பிறாண்டுகிற சத்தம். கைப்பிடியைப் பிடித்து, உயிரைக் கொடுத்து இழுத்தாள். கதவு அசையவில்லை. ஜெனரேட்டரை அணைக்க வேண்டும் என்று ஏனோ தோன்றவே இல்லை.

விடியும் நேரம் சோணைமுத்து வந்தான். அவளை விலக்கிவிட்டு ஒரு விரலால் இழுத்தான். கதவு திறந்துகொண்டது. வாசற்படியில் தனுஷ்கோடி... சில்லிட்டுக் கிடந்தார்.

"எம்புட்டு இழுத்தும் தெறக்கலையேப்பா..."

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"இழுத்தீகளா? நான் வரும்போது, ரெண்டு கையையும் கதவுல ஊனி, உள் பக்கமால்ல தள்ளிக்கிட்டு நின்னீகம்மா..."

ஞானசுந்தரி கைகளைத் திருப்பிப் பார்த்தாள். மருந்து கலக்குகிறவர்கள் கையில் அப்பியிருக்குமே, அந்த அலுமினியப் பவுடர்... இரண்டு உள்ளங்கையிலும், ரேகையே தெரியாமல், வெள்ளியாக மின்னியது.