சேவலுக்குப் போட்ட ஊசி

கூவத் தொடங்கிய சேவலின் இறைச்சி எவ்வளவு விறகு வைத்தாலும் இலேசில் வேகாது, டொக்டர். அதனால்தான் கண்டியிலிருந்து வந்த மருந்து வியாபாரி எனக்கு ஊசி போடப் பழக்கினார். பெட்டைக் கோழியின் உடம்பில் ஊறும் சத்தை எண்ணெயில் கலந்த மருந்து அது. இளஞ்சேவல்களுக்குப் போட்டால் கொழுக்கும் என்றார். கொழுத்தன. கொண்டை வெளிறிச் சுருங்கியது. சண்டை பிடிப்பது நின்றது. அறுத்துப் பார்த்தால், அவரை விதை அளவு இருக்க வேண்டிய விரைகள் அரிசி மணியாய்க் கிடந்தன.

பக்கத்து வீட்டு ஸுலைஹா வேலியில் நின்று சிரிப்பாள்.

"என்ன ஜெஸீமா ராத்தா, ஒங்கட சாவலெல்லாம் முக்காடு போடாதது மட்டுந்தான் கொற."

"கூட்டைத் தொறந்து வெச்சாலும் போகாதுகள், புள்ள."

நான் அப்படிச் சொன்ன பிறகுதான் எனக்கு யோசனை வந்தது.

என் மகன் நுஹ்மானுக்கு அப்போது கலேவெலையில் பெண் பேசி முடித்திருந்தோம். எங்கள் ஆட்களில் கல்யாணத்தோடு மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போய்விடுவார். நுஹ்மானுடைய வாப்பா, என் புருஷன், சுதந்திரம் கிடைத்த வருஷம் மௌத்தாகி அடக்கமானார். அதன்பின் இந்த வீட்டில் நாங்கள் இருவர்தான். பெண் றஹீமா நல்ல பிள்ளை. அவள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

மகன் மாத்தளை டவுனில் புடவைக் கடையில் நாளெல்லாம் நின்று களைத்து வருவார். ஊசி போட்டால்தான் உடம்பு தேறும் என்று எங்கள் ஊரில் எல்லோரும் நம்புகிறவர்கள்.

"மகன், கையை நீட்டுங்க. சத்து ஊசி."

"கல்யாணத்துக்கு மாப்பிள்ளையக் கொழுக்க வெக்கிறீங்களா, உம்மா?"

சிரித்துக்கொண்டே நீட்டினார். பிறகு கிழமைதோறும் நீட்டினார். தாடி ஐதாகி, அங்கொன்று இங்கொன்றாய் நின்றது. நெஞ்சு வீங்கி நொந்தபோது, வெயிலிலும் சால்வை போர்த்திக்கொண்டார். கல்யாணத்தை நிறுத்தியது நானல்ல. சுவரைப் பார்த்துக்கொண்டு அவரே சொன்னார்:

"றஹீமாக்கு வேற எடம் பாக்கச் சொல்லுங்க, உம்மா."

அழுதார். நானும் அழுதேன். அது பொய் அழுகை அல்ல.

நான் கூட்டி வந்தவரைச் சோதித்துவிட்டு, இனி அவருக்குப் பிள்ளை பிறப்பது சந்தேகம் என்றீர்கள். என்ன மருந்து என்று கேட்டீர்கள். அதே போத்தல், அதே ஊசி. சேவல்களுக்கு என்ன ஆகிறது என்று பார்த்துவிட்டுத்தான் போட்டேன்.

அதை அவருக்கும் சொல்லிவிட்டேன். நான் வைத்ததைச் சாப்பிடுகிறார். பேசுவதில்லை, அவ்வளவுதான். இந்தக் காலத்தில் எந்த மகன் உம்மாவோடு இப்படி இருக்கிறான், சொல்லுங்கள்.